பூட்டின் பிள்ளை: ரிமோட் சாவிக்குள் ஒரு பினாங்கு வரலாறு

மலாய் மொழியில் சாவியை 'அனாக் குஞ்சி' என்பார்கள். பூட்டுக்கு 'இபு குஞ்சி'. பூட்டு தாய், சாவி அவள் பிள்ளை. 'குஞ்சி' என்ற சொல் சமஸ்கிருத 'குஞ்சிகா'விலிருந்து கடல் கடந்து வந்தது. நாம் தமிழ்தானே என்று நினைத்துப் புழங்கும் 'சாவி'யும் போர்த்துக்கீசியரின் 'சாவே'தான். நம் சொந்தச் சொல்லான திறவுகோல் செய்யுளுக்கும் மேடைப்பேச்சுக்கும் ஒதுங்கிவிட்டது. மலாய்க்காரர்கள் காரைக் குறிக்கும் 'கெரெத்தா'வும் போர்த்துக்கீசியக் கொடை. ஆகவே ஜார்ஜ் டவுனில் ஒருவர் 'குஞ்சி கெரெத்தா' எங்கே என்று தேடினால் அதில் பாதி சமஸ்கிருதம், பாதி போர்த்துக்கீசியம். பக்கத்தில் நிற்கும் தமிழர் 'கார் சாவி' என்றால் பாதி ஆங்கிலம், பாதி போர்த்துக்கீசியம். துறைமுக ஊரில் சாவிகூடக் கப்பலில் வந்து இறங்கியதுதான்.

இந்தப் பிள்ளையின் உருவம் நம் கண்முன்னே மாறிவிட்டது. பல்வரிசை போய்விட்டது. இப்போது அது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கட்டி. எடுத்து நீட்டக்கூட வேண்டாம், பையில் இருந்தாலே கதவு திறக்கிறது. ஒருநாள் திறக்காது. டேஷ்போர்டில் சாவிப் படம் ஒன்று மினுக்கும், அல்லது கார் முற்றிலும் மௌனமாக நிற்கும். அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் ஒன்றுதான்: உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரியை மாற்றுவது. ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்துக்குள் எவ்வளவு வரலாறு அடைந்து கிடக்கிறது என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

*

இரும்புச் சாவியை யாரும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். பல் இருக்கிறது, அந்தப் பல்லுக்கு ஏற்ற பள்ளம் பூட்டுக்குள் இருக்கிறது. திண்டுக்கல்லில் இன்றும் கையால் செய்யும் பூட்டுகளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு என்று வடிவத்தை வைத்தே பெயர் சொல்லிவிடுவார்கள். பூட்டைச் செய்தவருக்கு அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். வாங்கியவரும் கழற்றிப் பார்த்தால் ஓரளவு விளங்கும். பினாங்கு வீதியில் லேவாதேவி நடத்திய செட்டியார்களின் கிட்டங்கிகளில் பெட்டகச் சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவர்தான் முதலாளி. சாவி கைமாறினால் பொறுப்பும் கைமாறியது என்று பொருள்.

காரும் வெகுகாலம் அந்த உலகத்தில்தான் இருந்தது. 1985 ஜூலையில் புரோட்டான் சாகா வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பினாங்குப் பாலம் போக்குவரத்துக்குத் திறந்தது. அந்தத் தலைமுறையினரிடம் கேட்டால் பாலத்தையும் சாகாவையும் சேர்த்தே நினைவுகூர்வார்கள். அந்த சாகாவைத் திறந்தது வெறும் இரும்புச் சாவி. தொலைந்தால் அஞ்சடியில் மெஷின் வைத்திருக்கும் சாவிக்காரரிடம் இன்னொன்றைக் காட்ட வேண்டும். சர்ர்ரென்று ஒரு சத்தம், கொஞ்சம் பித்தளைத் தூள், புதுச் சாவி.

ஆனால் அந்தச் சாவிக்கு முடிவு கட்டும் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1980-இல் அமெரிக்காவின் ஃபோர்டு கதவில் ஐந்து பொத்தான்களை வைத்து, எண்ணை அழுத்தினால் திறக்கும் கார்களை விற்றது. 1982-இல் பிரான்சின் ரெனோ, ஃபுவேகோ என்ற காரில் கையடக்க ரிமோட்டைக் கொண்டுவந்தது. டிவி ரிமோட் மாதிரி அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்தது. அதை உருவாக்கியவர் பெயர் போல் லிப்ஷுட்ஸ். அவர் பெயரைச் சுருக்கி 'ப்ளிப்' என்று அழைத்தார்கள். பிரான்சில் இன்றும் எந்த கார் ரிமோட்டும் ப்ளிப்தான். மனிதரின் பெயர் மறைந்து பொருளின் பெயராக எஞ்சும் பாக்கியம் எல்லாக் கண்டுபிடிப்பாளருக்கும் கிடைப்பதில்லை.

அகச்சிவப்புக்குப் பிறகு வானொலி அலை வந்தது. கூடவே ஒரு பழைய பிரச்சினையும் வந்தது. ஆரம்பகால ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைத்தான் கத்தின. பக்கத்தில் ஒருவன் அதைப் பதிவு செய்துகொண்டால் போதும், நீங்கள் போனபிறகு திரும்ப ஒலிபரப்பிக் கதவைத் திறந்துவிடலாம். இதற்கு மருந்தாக வந்ததுதான் உருளும் குறியீடு. தென்னாப்பிரிக்காவில் வில்லெம் ஸ்மிட் என்பவர் 1980-களில் உருவாக்கிய 'கீலாக்' அதில் புகழ்பெற்றது. 1995-இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்து அதை வாங்கியது.

இதில் மலாய்க்காரர்களின் தாய்-பிள்ளை உவமை அப்படியே பொருந்துகிறது. தாயிடமும் பிள்ளையிடமும் ஒரே ரகசிய எண் இருக்கிறது. இருவரும் ஒரே கணக்கை எண்ணிக்கொண்டு வருகிறார்கள். பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் கணக்கு ஒன்று கூடும். அந்தக் கணக்கை ரகசிய எண்ணோடு பிசைந்து ஒரு புதுச் சொல்லாகப் பிள்ளை அனுப்பும். தாய் தன் கணக்கோடு ஒப்பிட்டுக் கதவைத் திறப்பாள். நேற்றைய சொல் இன்றைக்குச் செல்லாது. குழந்தை பொத்தானை விளையாட்டாக அழுத்திக் கணக்கு முன்னே ஓடிவிட்டால்? அதற்கும் இடம் விட்டிருக்கிறார்கள். கீலாக் சில்லுகளின் வழக்கமான வடிவமைப்பில் 16 எண்கள் வரை முன்னே போனாலும் தாய் மன்னித்து ஏற்பாள். அதற்கும் மேலே போனால் அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தச் சொல்லிச் சரிபார்ப்பாள்.

*

இவ்வளவும் நடக்க மின்சாரம் வேண்டும். சாவி என்ற பொருளின் ஆயிரக்கணக்கான ஆண்டு வாழ்க்கையில் அதற்குப் பசி என்று ஒன்று வந்தது இப்போதுதான்.

ரிமோட்டைத் திறப்பது கஷ்டமில்லை. பெரும்பாலான ஸ்மார்ட் கீயில் பக்கவாட்டில் ஒரு சிறு தாழ்ப்பாள் இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவி வெளியே வரும். ஆமாம், பழைய பிள்ளை இன்னும் சாகவில்லை, புதிய பிள்ளையின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கிறது. அது இருந்த பள்ளத்தில் ஒரு பிளவு தெரியும். தட்டையான ஸ்க்ரூடிரைவர் முனையில் துணியோ டேப்போ சுற்றி மெதுவாகத் திருப்பினால் ஓடு இரண்டாகப் பிரியும். பழைய பேட்டரியின் முதுகில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். சிஆர்2032 என்றால் சி என்பது லித்தியம்-மாங்கனீசு டைஆக்சைடு என்ற ரசாயனம், ஆர் என்பது வட்டம், 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம், 32 என்றால் 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்2025, சிஆர்1632 எல்லாம் இதே இலக்கணம்தான். 2032 இருந்த இடத்தில் 2025 போட்டால் வோல்ட் ஒன்றுதான், ஆனால் தடிமன் குறைந்து தகடு சரியாகத் தொடாது. எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். புதியதை விளிம்பில் பிடித்து வையுங்கள். மூடுங்கள். அவ்வளவுதான்.

இந்த ரசாயனம் சந்தைக்கு வந்தது 1970-களின் நடுவில், ஜப்பானின் சான்யோ நிறுவனம் வழியாக. பழைய பேட்டரிகள் சும்மா இருந்தாலும் தானாகத் தீர்ந்துபோகும், ஒழுகும். இது வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான் தானாக இழக்கும். இந்தப் பொறுமை இல்லையென்றால் பையில் கிடக்கும் ரிமோட் என்ற யோசனையே நடைமுறைக்கு வந்திருக்காது.

பேட்டரி ஏன் தீர்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. சிஆர்2032-க்குள் ஏறக்குறைய 220 மில்லிஆம்பியர்-மணி மின்சாரம் இருக்கும். பொத்தானை அழுத்தும்போது அரை நொடிக்கு 10 மில்லிஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 10 முறை அழுத்தினாலும் வருடத்துக்கு 5 மில்லிஆம்பியர்-மணிதான் செலவு. ஆனால் ஸ்மார்ட் கீ அழுத்தும்வரை தூங்குவதில்லை. கார் கதவுக்கு அருகிலிருந்து வரும் தாழ்ந்த அதிர்வெண் அழைப்புக்காக இரவும் பகலும் காதைத் தீட்டிக்கொண்டே இருக்கிறது. அதற்கு வெறும் 10 மைக்ரோஆம்பியர் என்று வைத்தாலும் வருடத்தின் 8,760 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 88 மில்லிஆம்பியர்-மணி. இரண்டரை வருடத்தில் பேட்டரி காலி. பேசுவதில் தீர்வதில்லை, யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருப்பதில்தான் தீர்கிறது. காருக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்துச் சாவியை மாட்டும் வீடுகளில் சில ரிமோட்டுகள் இன்னும் சீக்கிரம் தீர்வதற்கும் இதுதான் காரணம். கூப்பிடு தூரத்திலேயே இருந்தால் ஓயாமல் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, பேட்டரியைக் கழற்றினால் சாவி தன் கணக்கை மறந்துவிடும் என்ற பயம். பொதுவாக மறக்காது. மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்தான் ரகசிய எண்ணும் கணக்கும் இருக்கின்றன. இரண்டு, பேட்டரி செத்தாலும் கார் கிளம்பும். 1998 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார்களில் இமொபிலைசரைக் கட்டாயமாக்கியது. அதற்கான சில்லு சாவிக்குள் தனியாக இருக்கிறது, அதற்குப் பேட்டரி வேண்டாம். பல கார்களில் செத்த சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால் போதும். கார் காந்தப்புலம் வழியாக அந்தச் சில்லுக்கு மின்சாரம் ஊட்டி, பதிலை வாங்கிக்கொள்ளும். பசியில் பேச்சற்றுப் போன பிள்ளைக்குத் தாய் ஊட்டிவிட்டுப் பேசவைப்பது போல. உங்கள் காரில் எந்த இடத்தில் பிடிப்பது என்பது கையேட்டில் இருக்கும்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருவரின் மைவி ஒரு மழைநாளில் திறக்கவில்லை. 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை மைவியோடு சாவியில்லா நுழைவும் பொத்தான் ஸ்டார்ட்டும் நம்மைப் போன்றவர்களின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டன. ஒரு கடையில் காட்டியிருக்கிறார். "ரிமோட்டே போச்சு, புதுசு போட்டு கார்ல புரோகிராம் பண்ணனும்" என்று பல நூறு ரிங்கிட் கேட்டார்களாம். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். சில ரிங்கிட் பேட்டரியில் முடிந்தது. "இவ்ளோதானா? இத திறக்கலாம்னே எனக்குத் தெரியாதேம்மா" என்றார். அந்தக் கடைக்காரரைவிட அவருடைய அந்த ஒரு வாக்கியம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சொந்தக் காசில் வாங்கிய பொருளைத் திறக்கலாம் என்பதே தெரியாமல் போகும் நிலைக்கு நாம் எப்படி வந்தோம்?

*

அதிலும் நாம் இருப்பது பினாங்கில். இந்த மாதிரிப் பொருட்களின் வயிற்றை அரை நூற்றாண்டாக நிரப்பிக்கொண்டிருக்கும் ஊர் இது.

1960-களின் இறுதியில் பினாங்கு சுங்கவரியில்லாத் துறைமுகம் என்ற நிலையை இழந்தது. கப்பலை நம்பி வாழ்ந்த ஊரில் வேலையின்மை தலைவிரித்தாடியது. 1969-இல் முதலமைச்சரான லிம் சோங் இயூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்து, வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களைத் தேடிப் போனார். 1972-இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வட்டாரம் உருவானது. முதலில் வந்த எட்டு நிறுவனங்களை இன்றும் 'எட்டு சாமுராய்கள்' என்பார்கள்: நேஷனல் செமிகண்டக்டர், இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட்-பேக்கர்ட், லிட்ரானிக்ஸ், ஹிட்டாச்சி, போஷ், கிளாரியன். பட்டியலைக் கொஞ்சம் கவனியுங்கள். லிட்ரானிக்ஸ் எல்இடி விளக்குகள் செய்த நிறுவனம். ரிமோட்டை அழுத்தும்போது மினுக்கும் சிவப்புப் பொட்டு அந்த ஜாதி. போஷும் கிளாரியனும் கார் மின்னணுச் சாமான்களுக்குப் பெயர்போனவை. மற்றவை சில்லுகள். எந்தக் குறிப்பிட்ட ரிமோட்டின் சில்லு எந்த ஊரில் பொதியப்பட்டது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் உலகத்தின் சில்லுப் பொதிப்பு, சோதனை வேலையில் மலேசியாவின் பங்கு ஏறக்குறைய 13 விழுக்காடு என்று சொல்லப்படுகிறது. அதன் இதயம் இந்தத் தீவும் எதிர்க்கரையும்.

அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். கம்பத்திலிருந்து வந்த மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள், தோட்டத்திலிருந்து வந்த நம் பெண்கள். என் அம்மா 1985-இல், பத்தொன்பது வயதில், செபராங் பிறையின் ஒரு தோட்டத்திலிருந்து பாயான் லெப்பாசுக்கு வேலைக்குப் போனார். பாலம் திறந்தபின் கம்பெனி பஸ் கடலுக்கு மேலே போகும், விடியற்காலை ஷிப்ட். அம்மாவின் வேலை, மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, சில்லிலிருந்து அதன் கால்களுக்குத் தங்கக் கம்பி இழுக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்வது. அந்தக் கம்பியின் தடிமன் 25 மைக்ரான் அளவில் இருக்கும், தலைமுடியைவிட மெல்லியது. "தங்கம்னு சொல்லுவாங்க. நமக்குப் பாத்தா தூசி மாதிரிதான். வீட்டுக்கு வந்து கண்ண மூடினாலும் அந்தக் கம்பிதான் ஓடும்" என்பார். என்ன பொருளுக்குள் அது போகிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. அவருடைய உலகம் அந்த ஒரு மேசை. முன்னே என்ன நடந்தது, பின்னே என்ன நடக்கும் என்பது வேறு மேசைக்காரர்களின் சங்கதி.

மலாய்ச் சமூகத்தில் ஆலைப் பெண்களை 'மினா காரான்' என்று கேலி செய்தார்கள். காரான் என்றால் பேச்சுவழக்கில் மின்சாரம். கரண்ட் மினா. சொந்தச் சம்பளம், லிப்ஸ்டிக், சினிமா எல்லாம் ஊரார் கண்ணை உறுத்தியிருக்கிறது. பினாங்கில் பிறந்த மானுடவியலாளர் ஐவா ஓங், சிலாங்கூரின் கோலலங்காட் ஆலைப் பெண்களைப் பற்றி 1987-இல் ஒரு புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். வேலை நடுவே பேய் பிடித்து அலறிய பெண்களைப் பற்றியும், அந்த அலறலை ஓர் எதிர்ப்பாகவும் வாசித்த நூல் அது. வேறு எந்த வழியில் எதிர்த்திருக்க முடியும்? மின்சாதனத் தொழிலாளர் சங்கம் இவர்களைச் சேர்க்க முயன்றபோது, மின்சாதனம் வேறு, மின்னணுவியல் வேறு என்று அரசு பதில் சொன்னது. 1988-இல்தான் அந்தந்த நிறுவனத்துக்குள் மட்டும் சங்கம் வைத்துக்கொள்ள அனுமதி வந்தது. தேசிய அளவில் ஒன்றுசேரும் கதவு பூட்டியே இருந்தது.

நான் பொறியியல் படித்து, அம்மா வேலை செய்த அதே வட்டாரத்தில் இன்று வேலை செய்கிறேன். ரிமோட்டைத் திறந்து பலகையைக் காட்டி, "இதோ இந்தக் கறுப்புச் சதுரத்துக்குள்ளதான்மா நீங்க இழுத்த மாதிரிக் கம்பி இருக்கும்" என்று சொன்னபோது, அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "எத்தன கால்?" என்று கேட்டார். எட்டு என்றேன். "அப்ப சுலபம்" என்றார்.

*

அம்மா மேசைக்கு மேசை அறியாமல் இருந்ததற்கும், பக்கத்து வீட்டு அக்காவுக்குத் திறக்கலாம் என்றே தெரியாததற்கும் தொடர்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. செய்பவருக்கு முழுப்பொருள் தெரியாது, வாங்குபவருக்கு உட்பொருள் தெரியாது. நடுவில் இருப்பவர்கள் மட்டும் சாவியை வைத்திருக்கிறார்கள்.

ரகசியத்தால் பாதுகாப்பு வருகிறது என்பார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கீலாக்கை 2007, 2008 ஆண்டுகளில் கல்விக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். 2011-இல் சூரிச்சின் ஈடிஎச் ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து கார்களை எடுத்து, சாவியின் அலையை இடையில் நின்று நீட்டித்து, பத்தையும் திறந்து ஓட்ட முடியும் என்று காட்டினார்கள். குறியீட்டை உடைக்கவே வேண்டியிருக்கவில்லை. தாயின் குரலைத் தூரத்தில் இருக்கும் பிள்ளையின் காதில் போட்டு, பிள்ளையின் பதிலைத் தாயிடம் கொண்டுவந்து சேர்த்தால் போதும். இரவில் சாவியைப் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு இறுக்கி மூடும் பழக்கம் இதனால் வந்தது. ஆக, நாம் தெரிந்துகொள்வதால் திருடனுக்கு லாபம் ஏதுமில்லை. அவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

இப்போது சாவி கைப்பேசிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. டெஸ்லா 2017-இல் பேட்டரியே இல்லாத அட்டையைச் சாவியாகக் கொடுத்தது. 2020-இலிருந்து சில பிஎம்டபிள்யூ கார்களை ஐபோனால் திறக்கலாம். கைப்பேசியின் பேட்டரியோ பசைபோட்டு ஒட்டிய பேட்டரி. இந்தப் போக்குக்கு எதிர்த்திசையில் ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு பேட்டரிச் சட்டம் கொண்டுவந்தது. 2027 பிப்ரவரி முதல் கையடக்கப் பொருட்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்பது அதன் பொதுவிதி, சில விலக்குகளோடு. ரிமோட் சாவியின் ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்னப் பிளவை, உலகம் இப்போது சட்டம் போட்டுக் காக்க வேண்டியிருக்கிறது.

கழற்றிய பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. ரிமோட்டை இயக்க முடியாமல் 'செத்த' பேட்டரியிலும் ஒரு குழந்தையைக் காயப்படுத்தப் போதுமான மின்சாரம் மிச்சமிருக்கும். 20 மில்லிமீட்டர் வட்டம் சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் அளவு. ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து உண்டாகும் காரம் இரண்டு மணி நேரத்துக்குள் குழாயைப் பொசுக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனை. பழையதை மேசையில் வைக்காமல் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

அடுத்த முறை உங்கள் கார் மௌனமாக நின்றால், கடைக்குப் போவதற்கு முன் அந்தப் பிளவைத் தேடிப் பாருங்கள். உள்ளே ஒரு வட்டத் தகடு, ஒரு பச்சைப் பலகை, சில கறுப்புச் சதுரங்கள். அந்தச் சதுரங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத கம்பிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து இழுத்தவர்களில், உங்கள் தெருவில் கண்ணாடி போட்டுக்கொண்டு காய்கறி வாங்கிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவரும் இருக்கலாம்.